சாளரத்தில் நீல விண்மீன்

"எந்த மகன்?" - கேட்டவர் தந்தை.

"ஐவரும்!" - விடை தந்தவர் கடற்படை அதிகாரி.

நாடகமேடையில் கேட்ட உரையாடல் அல்ல இது. நாட்டு வரலாற்றில் நடந்ததாகப் பதிவான உரையாடல். 1943ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள் காலை. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்திலே வாட்டர்லூ என்றோர் ஊர். கடலைக் காணாத ஊர். சுற்றிலும் சோளக்காடு சூழ்ந்த ஊர். சரக்கு இரயிலில் பணிபுரியும் தாமஸ் சல்லிவன் என்பார் வேலைக்குப் புறப்படும் வேளை. சீருடை அணிந்த மூவர் வாயிற்படி ஏறினர். பிள்ளைகளைப்பற்றிச் செய்தி கொண்டுவந்திருப்பதாகக் கூறினர். தந்தை கேட்டார், விடை கிடைத்தது!

ஜார்ஜ், பிரான்சிஸ், ஜோசப், மாடிசன், ஆல்பர்ட் - ஐவரும் ஒரே கப்பலில் பணிபுரிந்தவர்கள். பிரியமாட்டோம் என்று கேட்டுப் பெற்ற பணி அது. 'ஜூனோ' என்னும் அந்தப் போர்க்கப்பல், 1942 நவம்பர் 13ஆம் நாள், குவாடல்கனால் தீவுக்கு அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் தாக்குதலால் வெடித்து மூழ்கியது. மாண்டோர் 687 பேர். கடலிலே பலநாள் தத்தளித்தவர்களில் உயிரோடு மீட்கப்பட்டோர் 10 பேரே!

அந்த வீட்டுத் தாய் அலீட்டா அம்மையாரின் தலையில் இடி அன்றுதான் முதன்முதல் இறங்கிற்று என்று எண்ணிவிட வேண்டா. அதற்கு முன்பே அவ்வூர்த் தாய் ஒருவர் அவரைத் தேடி வந்திருந்தார். அந்தத் தாயின் மகனும் படையில் இருந்தான். சல்லிவன் சகோதரர் ஐவரும் நவம்பரிலேயே மாண்டனர் என்று தான் கேள்விப்பட்டதை வீட்டுக்கு எழுதியிருந்தான். மடலைப் படித்தவர் மௌனமாக இருந்துவிடவில்லை. நடந்து வந்து சொன்னார். கேட்ட அலீட்டா, கடற்படை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். ஊரிலே உலவும் இந்தப் பேச்சு மெய்தானா என்று கேட்டார். போர்ட்லாந்து நகரில் ஒரு கப்பலுக்குப் பெயர்சூட்டத் தாம் இசைந்திருப்பதையும், பிள்ளைகளுக்கு எது நேர்ந்திருப்பினும் அவர்கள் விரும்பியபடியே அப்பணியைச் செய்யப்போவதையும் அதிலே குறித்தார். சொன்னபடியே பிப்ரவரியில் செய்தும் முடித்தார்.

அரசு அறிவிக்குமுன் ஒரு தாய் அறிவித்தாள்! ஆட்சியின் தூதுவர் வருமுன் அடுத்த வீட்டு அன்பு வந்தது! இந்தச் சிறு நிகழ்ச்சியிலே ஒரு பெரிய வரலாறு அடங்கியிருக்கிறது, தோழர்களே. கடல் கடந்து படைப்பணிக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டு, வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த பெற்றோர், எங்கே ஆறுதல் தேடினர், எங்கே கண்டனர் என்கிற வரலாறு அது.

முன்னாளில் எங்கே தேடினர்? மந்திரத்திலே தேடினர், மாயத்திலே தேடினர். அறிவியல் வளர்ந்த நாடு என்று நாம் போற்றும் இங்கிலாந்தின் கதையைக் கேளுங்கள். பிறக்கும் குழந்தைகளில் அரிதாகச் சில, தலையை மூடிய மெல்லிய சவ்வோடு பிறக்கும். அந்தச் சவ்வை உலர்த்தி வைத்திருப்பவன் நீரில் மூழ்கமாட்டான் என்பது நம்பிக்கை! நாளேடுகளில் விளம்பரம் செய்து அதை விற்றனர்; கடலோடிகள் காசு கொடுத்து வாங்கினர். ஐரோப்பியக் கடற்கரை ஊர்களின் மாதா கோயில்களிலே, கப்பல் பொம்மைகளைக் காணிக்கையாகக் கட்டித் தொங்கவிட்டனர். முதல் உலகப் போரிலே நீர்மூழ்கிகள் கப்பல்களை வீழ்த்தத் தொடங்கியதும் சவ்வுக்கு மீண்டும் கிராக்கி ஏற்பட்டது. அச்சம் வளர வளர அங்காடி வளர்ந்தது!

சவ்வு காத்ததா? இல்லை, காத்தது எலுமிச்சை! பீரங்கியைவிட அதிகமான கப்பலோட்டிகளைக் கொன்றது ஸ்கர்வி நோய். 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்டு என்னும் மருத்துவர், நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் கடற்படையினர் அனைவருக்கும் எலுமிச்சைச் சாறு வழங்க 1795 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ 50 ஆண்டுகளில் எத்தனை தாயர் மெழுகுவர்த்தி ஏற்றினரோ! அந்தத் தாயரை நாம் ஏளனம் செய்யவில்லை. அறிய வேண்டியதை அவர்களுக்கு அறிவிக்காதவர் எவரோ, அச்சத்தை விலைபேசியவர் எவரோ, அவர்களையே குற்றம் சாட்டுகிறோம்.

பிள்ளையைப்பற்றிய கவலை, வீட்டுக்குள் பூட்டிவைத்தால் பூதமாகும்; வெளியே கொண்டுவந்து பகிர்ந்துகொண்டால் வலிமையாகும். இந்த உண்மையை அமெரிக்கத் தாய்மார் படிப்படியாகக் கண்டனர். 1917ஆம் ஆண்டு, ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் குவைசர் என்பார் ஒரு கொடியை வடித்தார். அவருடைய மக்கள் இருவர் படையில் இருந்தனர். சிவப்பு விளிம்பு, வெள்ளை நடுப்பகுதி, பணியில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நீல விண்மீன். சாளரத்திலே அது தொங்கும். பிள்ளை மாண்டால் நீலத்தின்மேல் பொன்னிறம் ஏறும். தெருவில் போகும் எவருக்கும் அந்த வீட்டின் நிலை தெரியும். தன் வீட்டுச் சாளரத்திலும் அதே கொடியைத் தொங்கவிட்டவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். வாய்திறவாமலே ஒரு வீடு இன்னொரு வீட்டோடு பேசிற்று!

கொடி, கூட்டமாக மாறியது. கிரேஸ் சீபோல்டு என்னும் தாயின் மகன் விமானப் படையாளன். 1918இல் பிரான்சிலே மாண்டவன். மகனிடமிருந்து மடல் நின்றுபோனதும், பெயர் அறியப்படாத நோயாளியாக அவன் தாயகம் திரும்பியிருக்கக்கூடும் என்ற நம்பிக்கையோடு, வாஷிங்டன் மருத்துவமனைகளுக்குச் சென்று காயமுற்றோருக்குத் தொண்டு செய்து வந்தார். மகன் இறந்தது உறுதியான பின்னரும் தொண்டை நிறுத்தவில்லை. அவர் முயற்சியால் 1928இல் தாயர் 25 பேர் கூடினர். பொன் விண்மீன் தாயர் சங்கம் பிறந்தது. கடற்படைப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கென்றே, 1930இல் டெக்சாஸ் மாநிலத்து மக்காலன் நகரில் எம்மா ஜோன்ஸ் என்ற தாய் ஒரு கழகம் கண்டார். பின்னர்ப் பல ஊர்களில் அதற்குக் கிளைகள் எழுந்தன. முத்துத் துறைமுகத்தில் குண்டு விழுந்த சில வாரங்களில், 1942 ஜனவரி 22ஆம் நாள், மிச்சிகன் மாநிலத்து பிளின்ட் நகர ஏடொன்றில், படையினரின் தாயருக்கு ஓர் அழைப்பு வெளியாயிற்று. பிப்ரவரி முதல் நாள் 300 தாயர் திரண்டனர். நீல விண்மீன் தாயர் அமைப்பு உருவாயிற்று.

கூடி என்ன செய்தனர்? ஒப்பாரி வைத்தனரா? இல்லை! மருத்துவமனைகளில் பணி செய்தனர். பொட்டலம் கட்டினர். மடல் வராத தாய்க்கு, மடல் வந்த தாய் துணையிருந்தாள்.

மடலின் அருமையை அறிந்தால்தான் இந்தத் துணையின் அருமை விளங்கும். 1942 ஜூன் முதல், கடிதங்களைப் புகைப்படச் சுருளாக்கி அனுப்பும் முறை வந்தது. 37 பைகளில் செல்லவேண்டிய மடல்கள் ஒரே பையில் அடங்கின. ஆனால் மடல் வருமுன் தணிக்கையாளரின் கண்பட்டு வரும். கப்பல் எங்கே இருக்கிறது என்பது மட்டும் வராது. மாண்டான் என்றோ காணவில்லை என்றோ தந்தி வந்தால், அதிலும் ஒரு கட்டளை இருக்கும் - பகைவர்க்குப் பயன்படாதிருக்க, மகனின் கப்பற்பெயரை எவரிடமும் சொல்லவேண்டாம் என்று! அழலாம், எந்தக் கப்பலுக்காக அழுகிறோம் என்று சொல்லக்கூடாது! போர்க்காலத்தில் இந்தக் கட்டளைக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆனால் அது தாயின் துயரத்தைத் தனிச்சிறையில் அடைத்தது. அந்தச் சிறையின் கதவைத் தட்டியவள், அதே தெருவில் அதே கவலையோடு வாழ்ந்த இன்னொரு தாய்!

இத்தோடு முடித்தால், இது இனிய கதை. ஆனால் வரலாறு இனிப்பு மட்டுமே வழங்கும் கடையன்று.

முதல் உலகப் போரில் மாண்டு ஐரோப்பிய மண்ணில் புதையுண்ட படைவீரர், கடற்படையினர் ஆகியோரின் தாயரையும் மனைவியரையும், அரசுச் செலவிலேயே கல்லறைக்கு அழைத்துச் செல்ல 1929இல் அமெரிக்கா சட்டம் செய்தது. 1930 முதல் 1933 வரை 6,600க்கும் மேற்பட்ட பெண்கள் சென்றனர். போற்றத்தக்க செயல்! ஆனால், வெள்ளைத் தாய்க்குச் சொகுசுக் கப்பல்; கறுப்புத் தாய்க்குச் சரக்கும் ஏற்றும் வணிகக் கப்பல். வெள்ளைத் தாய் நியூயார்க்கின் பெரிய ஓட்டல்களிலே தங்கினாள்; கறுப்புத் தாய்க்கு ஆர்லெம் பகுதியில் தனி விடுதி! ஒரே போர், ஒரே குண்டு, ஒரே மண்ணில் கல்லறை - ஆனால் கண்ணீருக்கு மட்டும் இரண்டு கப்பல்! ஏறத்தாழ 280 கறுப்புத் தாயரும் மனைவியரும் மகனையோ கணவனையோ காணும் ஆசையால் அந்த இழிவையும் பொறுத்துச் சென்றனர். வேறு சிலர், இழிவோடு வரும் சலுகை வேண்டாம் என்று மறுத்தனர். சென்றவர்களையும் குறை சொல்லமாட்டோம், மறுத்தவர்களுக்குத் தலைவணங்குவோம். பந்தியிலே வரிசை பிரித்த நாட்டில் பிறந்த நமக்கு, அந்த மறுப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

கடற்படையிலும் இதே நிறவெறிதான். டெக்சாஸின் வேகோ நகரையடுத்த உழவர் குடும்பத்துப் பிள்ளை டோரி மில்லர். கறுப்பினத்தவன் என்பதால் கப்பலிலே அவனுக்குக் கிடைத்தது உணவுக்கூட ஏவலாள் வேலை. 1941 டிசம்பர் 7ஆம் நாள், குண்டுமழைக்கு நடுவே காயமுற்றோரைத் தூக்கினான். பயிற்சியே பெறாத விமான எதிர்ப்புத் துப்பாக்கியைப் பற்றிச் சுட்டான். அவன் பெயர் பல வாரங்கள் வெளிவரவில்லை. கறுப்பின மக்களின் ஏடாகிய 'பிட்ஸ்பர்க் கூரியர்' முயன்றது. 1942 மார்ச்சில் பெயர் வெளியாயிற்று. மே 27ஆம் நாள் கடற்படைச் சிலுவை விருது அவன் மார்பில் ஏறிற்று. 1943 நவம்பர் 24ஆம் நாள், 'லிஸ்கம் பே' என்னும் கப்பலோடு அவன் மூழ்கினான். மகனைக் காணவில்லை என்ற செய்தி பெற்றோரை எட்டிய நாள் டிசம்பர் 7 - அவன் வீரம் காட்டிய அதே நாள்! அவன் பெயரை ஒரு மாபெரும் விமானந்தாங்கிக் கப்பலுக்குச் சூட்டுவதாக 2020இல் அறிவித்தனர். அறிவிப்பைக் கேட்க அந்தத் தாய் இல்லை.

சல்லிவன் பெற்றோருக்கு வருவோம். நாடே அவர்களுக்கு ஆறுதல் கூறியது. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மடல் எழுதினார். 1943 ஏப்ரலில், மக்கள் பெயர் தாங்கிய 'தி சல்லிவன்ஸ்' என்னும் புதிய கப்பலுக்குத் தாயே பெயர்சூட்டினார். அரசு அவர்களை ஊர் ஊராக அழைத்துச் சென்று, ஆயுதத் தொழிற்சாலைகளில் பேசவைத்தது. துயரம், உற்பத்தியைப் பெருக்கும் கருவியாயிற்று! அவர்கள் மனமுவந்தே சென்றனர். அதில் அவர்களுக்கு ஆறுதலும் இருந்திருக்கலாம். ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 'ஜூனோ'வில் மாண்டவர் 687 பேர். ஐவரைக் கழித்தால் 682. அந்த 682 பிள்ளைகளின் வீட்டுக்கு எந்த ஊர்வலம் போயிற்று? அங்கே போனவர்கள் அண்டை வீட்டாரும், நீல விண்மீன் தாங்கிய தாயரும்தான்!

இன்னொன்றும் கேளுங்கள். அதே கப்பலில் ரோஜர்ஸ் சகோதரர் நால்வர் இருந்தனர். போருக்குச் சற்று முன்பு இருவர் வேறு பணிக்கு மாறினர், பிழைத்தனர். மாறாத இருவர் மாண்டனர். விதியா பிரித்தது? இடமாற்றம் பிரித்தது, இடமாற்றம் காத்தது! ஒரு குடும்பத்தில் எஞ்சிய ஒரே மகனைக் கட்டாயப் படைப்பணியிலிருந்து விலக்கும் ஏற்பாடு 1948இல் அமெரிக்கச் சட்டத்தில் இடம்பெற்றது. 'ஊழ்' என்று உட்கார்ந்திருந்தால் சட்டம் வந்திராது.

தாயர் கழகங்கள் போரை நிறுத்தவில்லையே என்பீர்கள். உண்மை. போர் வேண்டுமா என்று கேட்கும் துணிவும் அவற்றுக்குப் பெரிதும் இருந்ததில்லை. அது அவற்றின் எல்லை. ஆயினும் அவை நமக்குக் கற்பிக்கும் பாடம் சிறிதன்று. 2018 மார்ச்சில், ஆழ்கடல் ஆய்வுக் கப்பலொன்று 'ஜூனோ'வின் சிதைவைக் கண்டெடுத்தது. பெற்றோர் மறைந்து பல்லாண்டு சென்றபின் கடல் தன் செய்தியைச் சொல்லிற்று. ஆனால் வாட்டர்லூவில் ஒரு தாய், செய்தி தெரிந்த உடனே வந்து சொன்னாள்.

இளைஞரே! இன்று மகனும் செல்கிறான், மகளும் செல்கிறாள். கப்பலில் செல்வோர் உண்டு, கரையில் காத்திருப்போர் எங்கும் உண்டு. அத்தகைய வீடு உங்கள் தெருவில் இருந்தால், தாயத்து கட்டச் சொல்லாதீர். தலையெழுத்து என்று சொல்லாதீர். செய்தி கேட்க மடல் எழுதிக் கொடுங்கள். விடை வரும்வரை உடனிருங்கள். அந்த வீடு எந்தத் தெருவில் இருந்தாலும், எந்தச் சேரியில் இருந்தாலும், படியேறிச் சென்று அமருங்கள். கண்ணீருக்கு இரண்டு கப்பல் கூடாது!