தவிசாளரைத் திருப்பி அழைக்க முடியுமா?



கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் ஏறினால் ஒரு பேச்சு, குப்பை அள்ளாவிட்டால் இன்னொரு பேச்சு. எங்கே தொடங்கினாலும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி ஒன்றுதான்: "வாக்குப் போட்டு அனுப்பின நமக்கு ஆளைத் திருப்பி எடுக்க வழியில்லையா?" கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நேரான பதில்: நமது நாட்டில் இல்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் தவிசாளரை இறக்க வழிகள் உண்டு. ஆனால் அதில் ஒன்றின் சாவிகூட வாக்காளர் கையில் இல்லை. கட்சி ஓர் உறுப்பினரை நீக்கினால் ஆசனம் போகும். விசாரணை நடத்தித் தவிசாளரை நீக்கும் அதிகாரம் மாகாண அமைச்சரிடம் உண்டு. பாதீடு இரண்டு தடவை தோற்றால் அவர் பதவி விலகியதாகக் கொள்ளப்படுவார்; இது 2012இல் வந்த சட்டம்.

இந்தக் கடைசி வழி எப்படி வேலை செய்யும் என்பதற்கு யாழ்ப்பாணம் நல்ல பாடம். 2018இல் மாநகர முதல்வராக வந்த இம்மானுவேல் ஆர்னோல்டின் பாதீடு 2020 டிசம்பரில் இரண்டாவது தடவையும் தோற்றது. பதவி போயிற்று. அதே மாதம் 30ஆம் திகதி 21க்கு 20 என்று ஒரேயொரு வாக்கால் மணிவண்ணன் முதல்வரானார். இரண்டு வருடத்தில் அவரும் விலக, 2023 ஜனவரியில் திரும்பவும் ஆர்னோல்ட். இறங்கினவரும் ஏறினவரும் சபைக்குள்ளேயே முடிந்த கணக்கு. யாழ்ப்பாணத்து வாக்காளரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் கேட்டார்கள். அங்கே நகரசபைத் தலைவரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்யும் முறை வந்தபோது, திருப்பி அழைக்கும் முறையும் கூடவே வந்தது. கவுன்சிலர்களில் முக்கால்வாசிப் பேர் கையெழுத்திட்டு மாவட்ட கலெக்டரிடம் கொடுக்க வேண்டும். பிறகு ஊர் முழுக்க வாக்கெடுப்பு. வாக்குச் சின்னம் என்ன தெரியுமா? ஒரு பக்கம் ஆள் இருக்கிற கதிரை, மறுபக்கம் வெறுங்கதிரை. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் விளங்கும். (எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்தக் கதிரைதான்.) 2001இல் அனுப்பூர் என்ற சிறு நகரத்தில் வெறுங்கதிரை வென்றது, தலைவி பல்லவிகா படேல் இறங்கினார். 2008 ஜூனில் பக்கத்துச் சத்தீஸ்கரில் நவாகர், குண்டர்தேஹி, ராஜ்பூர் என்ற மூன்று ஊர்த் தலைவர்களையும் மக்கள் ஒரே நேரத்தில் இறக்கினார்கள்.

கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கேயும் தொடக்கி வைப்பது கவுன்சிலர்கள். அவர்கள் தலைவரோடு ஒத்துப் போய்விட்டால் ஊர் எவ்வளவு கத்தினாலும் வாக்கெடுப்பு வராது. அவர்களுக்குள் சண்டை வந்தால்தான் மக்களை நடுவராகக் கூப்பிடுவார்கள். முதல் இரண்டு வருடம் தலைவரைத் தொட முடியாது, ஒரு பதவிக்காலத்தில் ஒரு தடவைதான் முயலலாம் என்றும் அன்றைய சட்டம் சொன்னது. இந்தக் கட்டுப்பாடு சரி என்றே நினைக்கிறேன். இல்லாவிட்டால் தோற்றவர் மறுநாளே கையெழுத்துக்கு ஆள் பிடிக்கத் தொடங்கிவிடுவார்.

மக்களே கையெழுத்துத் திரட்டித் தொடங்கும் முறை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உண்டு. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1903இலேயே அதைக் கொண்டு வந்தது. அந்நகரத்துக்குப் பக்கத்தில் பெல் என்று ஒரு சின்ன ஊர். 35,000 பேர் அளவில், பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் உழைப்பாளிகள். 2010 ஜூலையில் ஒரு பத்திரிகைச் செய்தி வந்தது: நகர நிர்வாகியின் வருடச் சம்பளம் ஏறக்குறைய 8 இலட்சம் டொலர். பகுதிநேர உறுப்பினர்களுக்கே ஆளுக்கு 1 இலட்சம் டொலர் அளவில். ஊர் கொதித்தது. கையெழுத்து இயக்கம் நடந்தது. 2011 மார்ச் 8ஆம் திகதி வாக்கெடுப்பில் மேயரையும் கூட்டாளிகளையும் ஊர் பெருவாரியாக வீட்டுக்கு அனுப்பியது. நிர்வாகி பிறகு சிறைக்குப் போனார்.

அந்த இயக்கத்தின் முன்னணியில் நின்றவர்களில் ஒருவர் அலி சாலே, லெபனானிலிருந்து போய்க் குடியேறிய முஸ்லிம் குடும்பத்தவர். 2009இல் அவர் தேர்தல் கேட்டபோது அவரைப் பயங்கரவாதிகளோடு சேர்த்துக் காட்டிப் பெயரில்லாத துண்டுப்பிரசுரம் விட்டார்கள். 2019க்குப் பிறகு நாம் இங்கே பட்டதை நினைத்தால் அது எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். அதே ஊர் 2011இல் அவரைச் சபைக்கு அனுப்பியது; பிறகு மேயருமானார்.

பெல் கதையில் எல்லோரும் சொல்வது 2011. நான் யோசிப்பது 2005ஐ. அந்தச் சம்பளங்களுக்குக் கதவு திறந்தது அந்த வருடம் நடந்த ஒரு வாக்கெடுப்பு. நகரம் தனக்கென்று சொந்தச் சாசனம் வைத்துக்கொள்வது பற்றியது. வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை! அன்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்து வருடம் கழித்துத்தான் விலை தெரிந்தது.

இப்போது நம் பக்கம். 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. நடக்க இருந்த தேர்தல் "காசில்லை" என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6. இடையில் இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் சபை. தாம்போதிக்கு அந்தப் பக்கம் கல்முனை மாநகர சபைக்கு, எல்லைப் பிரச்சினை வழக்கால், அந்த மே மாதத் தேர்தலும் இல்லை. அவர்களுக்குத் திருப்பி அழைக்க ஆளே இல்லை.

ஆகவே நமக்கு மீளழைப்புச் சட்டம் வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் நிற்பேன். ஆனால் கையெழுத்து வாக்காளருடையதாக இருக்க வேண்டும். கவுன்சிலர்களிடம் கொடுத்தால் அது இன்னொரு பாதீட்டுச் சண்டையாகத்தான் முடியும். சட்டம் வரும்வரை கையில் இருப்பதை விட வேண்டாம். பாதீட்டைச் சபை மக்கள் பார்வைக்கு வைக்கிறது, போய்ப் பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் இன்பொக்ஸில் வாருங்கள், எழுதித் தருகிறேன்.

இன்னொன்று. 1981க்கு முன் இருந்த கிராமச் சபைக் காலத்தை நேரில் கண்ட மூத்தவர்கள் சவளக்கடையிலும் மத்திய முகாமிலும் அன்னமலையிலும் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் தலைவரை இறக்கிய கதை யாருக்காவது தெரியுமா? வாப்பாவிடம், அப்பப்பாவிடம் கேட்டுக் கீழே எழுதுங்கள்.