பந்தியும் பேச்சும்: அந்தமான் கல்லூரிச் சிற்றுண்டிச்சாலைக்கு ஒரு முன்வரலாறு

போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) ஒரு கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் தேநீர் வாங்க நிற்கும் மாணவர், வீட்டில் வங்காளம் பேசினாலும் தமிழ் பேசினாலும், அங்கே இந்தியில்தான் கேட்பார். தம்மவர் அமர்ந்திருக்கும் மேசைக்குத் திரும்பியதும் தாய்மொழி வரும். அந்த மேசைக்குத் தெலுங்கு மாணவரோ நிக்கோபார் மாணவரோ வந்து சேர்ந்தால், எவரும் சொல்லாமலே பேச்சு மீண்டும் இந்திக்கு மாறும். மொழித்தொடர்பு ஆய்வில் இது எளிய எடுத்துக்காட்டு. கேள்விக்குரியது இதன் பின்புலமே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தீவுகளில் வங்காளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் சுமார் 28 விழுக்காடு. இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. நிக்கோபாரியும் மலையாளமும் ஏறத்தாழ ஏழு விழுக்காடு வீதம். ஐந்தில் ஒருவருக்கும் குறைவானோரின் தாய்மொழி எப்படி எல்லோருடைய மேசைக்கும் பொதுமொழியானது? வேற்று ஊராரும் வேற்றுச் சாதியாரும் ஒரே மேசையில் உண்பது எப்போது இயல்பானது?

'குட்டி இந்தியா' என்பது சுற்றுலாக் கையேடுகள் தரும் விடை. பிலிப் செமிஷ் 2017இல் வெளியிட்ட தம் நூலுக்கே அதைத் தலைப்பாக வைத்து, அந்தப் பெருமிதத்துக்குள் புதைந்துள்ள ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்தார். ஆனால் பொதுப்பந்தியின் கதை தீவுகளுக்கு வெளியே, வங்காள மாகாணச் சிறைகளில் தொடங்குகிறது.

அச்சிறைகளில் கைதிகள் முதலில் படிக்காசு பெற்றுத் தாமே சமைத்து உண்டனர். ஒவ்வொருவருக்கும் தனி அடுப்பு. சமையலுக்குச் செலவாகும் நேரம் வேலையிலிருந்து கழிகிறது என்பது அதிகாரிகளின் கணக்கு. 1840களில் பொதுச்சமையல் முறை புகுத்தப்பட்டபோது பீகார்ப் பகுதிச் சிறைகளில் கலகங்கள் எழுந்தன. 1855இல் பித்தளைச் செம்புகளைப் பறித்து மண்கலம் கொடுத்ததற்காக ஆராவிலும் முசாபர்பூரிலும் மீண்டும் கொந்தளிப்பு; முசாபர்பூரில் ஊர்மக்களும் கைதிகளோடு சேர்ந்தனர். 1857 எழுச்சியில் சிறைகள் உடைக்கப்பட்டதை இந்த நெடிய பூசலோடு இணைத்துப் படிக்க வேண்டும் என்பது கிளேர் ஆண்டர்சனின் வாதம். ஏற்கத்தக்க வாதம்தான். சோறும் செம்பும் அற்பக் காரணங்கள் என்று கருதும் வரலாற்றாசிரியர், சாதி எங்கே குடியிருக்கிறது என்பதை அறியாதவர்.

அந்த எழுச்சியின் தொடர்ச்சியாகவே 1858 மார்ச் 10 அன்று ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் இறங்கினார். கடல் கடந்தாலே சாதி போகும் என்று நம்பியவர்கள் பலர். தீவில் சில ஆண்டுகள் நன்னடத்தையோடு கழித்தவர்களுக்கு நிலம் கிடைத்தது. பெண் கைதிகளை மணக்கும் உரிமையும் கிடைத்தது. சாதியும் மாகாணமும் கடந்த இம்மணங்களில் பிறந்தவர்களின் வழித்தோன்றல்களே 'லோக்கல் பார்ன்' எனப்படுவோர். தாய்க்கு ஒரு மொழியும் தந்தைக்கு ஒரு மொழியுமான வீட்டில் அடுப்படிக்கு மூன்றாவதாக ஒரு மொழி வேண்டியிருந்தது. அதுவே இந்துஸ்தானி.

அது வீட்டுக்குள் நுழையுமுன் வேலைக்களத்தில் ஆட்சி செய்த மொழி. கைதிகளை மேய்க்கக் கைதிகளிலிருந்தே ஜமேதார், டிண்டல் போன்ற பதவியினர் நியமிக்கப்பட்டனர். ('டிண்டல்' நம் கடற்கரைச் சொல், படகுத் தலைவரைக் குறித்த 'தண்டல்' கப்பல் தொழிலாளர் வழியே சிறைக்குள் போயிற்று.) அவர்களுடைய ஏவல்மொழியே பிறருக்கு உயிர்பிழைக்கும் மொழியானது. 1894 முதல் 1904 வரை தலைமை ஆணையராக இருந்த ரிச்சர்டு டெம்பிள், பிறமொழிக் கலப்பேறிய இந்துஸ்தானியே இக்குடியிருப்பின் பொதுமொழி எனப் பதிவு செய்தார்.

ஒரே இடத்தில் உண்டதால் வேற்றுமை கரைந்துவிடவில்லை. 1911 முதல் 1921 வரை செல்லுலார் சிறையில் இருந்த சாவர்க்கர், முஸ்லிம்களின் பந்தியில் அமர்ந்து உண்ட இந்துக் கைதியை மதம் மாறியவராகவே மற்ற இந்துக்கள் கருதியதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மொழி கலந்த அளவுக்குப் பந்தி கலக்கவில்லை. தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு பெயர் நினைவுக்கு வரும். இலண்டன் இந்தியா ஹவுசில் சாவர்க்கரின் தோழராயிருந்த வ.வே.சு. ஐயர் 1922இல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அங்கே பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவளித்ததை எதிர்த்து வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய கிளர்ச்சி, தமிழக அரசியலின் திசையையே மாற்றியது. பேச்சு ஒரே மொழியில் இருந்தும் பந்தி பிரிந்திருந்த இடம் அது.

சுதந்திரத்துக்குப் பின் வந்தவர்களின் நிலை வேறு. 1949 முதல் குடியமர்த்தப்பட்ட கிழக்கு வங்காள அகதிகளும், 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த இலங்கைத் தாயகம் திரும்பிய தமிழர்களும் தனித்தனிக் கைதிகளாக வரவில்லை, குடும்பங்களாக வந்தனர். ஆகவே தாய்மொழி தங்கியது. இன்றைய சிற்றுண்டிச்சாலையில் இரண்டு வரலாறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன: மேசையில் ஒலிக்கும் வங்காளமும் தமிழும் குடியேற்றத்தின் எச்சம், மேசைகளை இணைக்கும் இந்தி, தண்டனைக் குடியிருப்பின் எச்சம்.

இந்த மேசைகளில் கேட்காத மொழிகளும் உள்ளன. 1863இல் ஹென்றி கோர்பின் பாதிரியார் ராஸ் தீவில் 'அந்தமான் இல்லம்' அமைத்தார். உணவும் உறைவிடமும் தந்து பெரிய அந்தமானியரைப் பழக்குவது நோக்கம். அத்தகைய இல்லங்களில் அன்றாட மேற்பார்வை கைதிப் பணியாளர்களிடம் இருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் முயற்சி நிலைக்கவில்லை. கைதிகளின் இந்துஸ்தானி ஒட்டிக்கொண்டது. அதனுடன் நோயும் வந்தது. 1877இல் தட்டம்மை பரவிற்று. ஆயிரக்கணக்கில் இருந்த அம்மக்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர். மிஞ்சியவர்கள் பின்னர் ஸ்ட்ரெயிட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களின் அன்றாடப் பேச்சும் அந்தமான் இந்தியாகிவிட்டது.

வெவ்வேறு மாகாணக் கைதிகளுக்கு வாழ்வளித்த அதே மொழி இம்மண்ணின் மொழிகளின் இடத்தில் அமர்ந்தது. 'இணைப்புமொழி' என்ற கலைச்சொல் முதல் பாதியை மட்டுமே சொல்கிறது. கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் மொழிமாற்றங்களைக் குறித்துக்கொள்ளும் ஆய்வாளரின் அட்டவணையில், எந்த மேசைக்கும் வராத மொழிகளுக்குக் கட்டமே இருப்பதில்லை.

அன்விதா அப்பி 2005 முதல் பெரிய அந்தமானிய மொழிகளை ஆவணப்படுத்தினார். அப்போது போ மொழி அறிந்தவர் ஒரே ஒருவர்: மூத்த போவா என அறியப்பட்டவர். தம் மொழியில் பேச ஆளின்றி அவர் பறவைகளோடு பேசுவார் என்று அப்பி பதிவு செய்திருக்கிறார். 2010 சனவரியில் இறக்கும்வரை, சுற்றியிருந்த மனிதரோடு பேச அவருக்கிருந்தது அந்தமான் இந்தி.