கணிப்பொறி ஏட்டில் அதிகாரமும் இயலும்

தொல்காப்பியம் மூன்று அதிகாரங்களாகவும், அதிகாரத்துக்கு ஒன்பது இயல்களாகவும் பகுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஓலையில் எழுதினாலும் தாளில் அச்சிட்டாலும் இயல் இயல்தான். இந்த எளிய உண்மை கணிப்பொறிக்கு வெகுநாள் தெரியாது.

தொடக்கத்தில், தலைப்பின் அருகே 'பெரிய எழுத்து, நடுவில் அமைக்க' என்று அச்சுக் கட்டளையையே எழுதினர். அச்சுப்பொறி மாறினால் கட்டளைகளையும் மாற்ற வேண்டும். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி ஆகிய மூவரும் வேறு வழி கண்டனர். 'இது தலைப்பு', 'இது பத்தி' என்று குறித்தால் போதும். தோற்றத்தைப் பின்னர் முடிவு செய்யலாம். இம்முறை வளர்ந்து 1986இல் எஸ்.ஜி.எம்.எல். என்னும் உலகத் தரமாயிற்று. மென்பொருள் கையேடுகளுக்கென 1991இல் 'டாக்புக்' தோன்றியது. 1998இல் எஸ்.ஜி.எம்.எல்.லின் எளிய வடிவமாக எக்ஸ்.எம்.எல். வந்தது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் வேண்டும். ஒன்றை மறந்தால் கையேடு முழுவதுமே பக்கமாகாமல் நின்றுவிடும். தவறோ கண்ணில் எளிதில் படாது. இதற்காகவே ஜேம்ஸ் கிளார்க், 'ஈமாக்ஸ்' என்னும் எழுதுகருவிக்கு ஒரு துணைக்கருவி அமைத்தார். தட்டச்சிடும்போதே அது பிழையைக் கோடிட்டுக் காட்டும். அடுத்து வரத்தக்க குறிகளையும் சொல்லும். 2009இல் அது ஈமாக்ஸுடனேயே சேர்க்கப்பட்டது.

எங்கள் புதுச்சேரியில், வெளிநாட்டு நூல்களுக்குக் கணிப்பொறியில் பக்கம் அமைக்கும் தொழில் 1990களிலிருந்து வளர்ந்தது. அதில் சேரும் மாணவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே. 'மின்சாரத்தைத் துண்டித்த பின் திறக்கவும்' என்ற எச்சரிக்கையைச் சாதாரணப் பத்தி என்று குறித்தால் எந்தக் கருவியும் குறை கூறாது. அல்லற்படுபவர் படிப்பவரே. வடிவத்தைக் கருவி காக்கும். பொருளை எழுதுபவரே காக்க வேண்டும்.