“உங்க குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்க”

நேர்முகத் தேர்வுக்குப் போகும் நம் பிள்ளைகளை விடாமல் துரத்தும் கேள்வி இது. கேட்பவருக்குச் சாதாரணப் பேச்சு. நமக்கு அப்படியல்ல, அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1950ஆம் ஆண்டு ஐ.ஏ.எஸ். தேர்வு. வங்கத்தைச் சேர்ந்த அச்சுதானந்த தாஸ், பட்டியலில் முதலிடம் பிடித்தவரைவிட எழுத்துத் தேர்வில் அதிக மதிப்பெண் பெற்றார். நேர்முகத்தில் அவருக்குக் கிடைத்ததோ அந்த முதலிடக்காரர் பெற்றதில் பாதிகூட இல்லை. பட்டியலில் பின்னுக்குப் போனார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தலித் ஐ.ஏ.எஸ். அதிகாரி அவர்தான்.

2007இல் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வெளியிட்ட ஆய்வில், 25 மனிதவள மேலாளர்கள் பேசியிருக்கிறார்கள். சாதி பார்ப்பதில்லை, தகுதிதான் என்றார்கள். ஆனால் குடும்பப் பின்னணியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம் என்றும் சொன்னார்கள். தகப்பன் தொழில், ஊர், தெரு என்று கேட்டுக்கொண்டே போனால் சாதி தானாக வந்துவிடாதா?

2016 முதல் ஒன்றிய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்முகம் இல்லை. குடிமைப் பணித் தேர்விலோ 2025 மதிப்பெண்ணில் 275 இன்னும் அதற்குத்தான். தனியாரில் இடஒதுக்கீடே கிடையாது.

எனவே பதிலைத் தயார் செய்வோம். “அப்பா அம்மா கூலி வேலை செய்து படிக்க வைத்தார்கள், நான் முதல் பட்டதாரி” என்று நிமிர்ந்து இரண்டு வரி சொல்லுங்கள். உடனே நீங்கள் கற்ற தொழிலுக்குப் பேச்சைத் திருப்புங்கள். அந்தக் கேள்வியையே தேர்வு அறையிலிருந்து வெளியேற்றும் போராட்டத்தை நாம் சேர்ந்து நடத்துவோம்.