செஸ்னா 172 மின்னேற்றத் தொகுதி

செஸ்னா 172 மின்னேற்றத் தொகுதி என்பது 1956 முதல் 1986 வரை கட்டப்பட்ட அவ்வகை அமெரிக்கச் சிறு வானூர்திகளில் மின்கலத்தை மின்னேற்றி, கருவிகளுக்கு மின்சாரம் வழங்கும் அமைப்பாகும். இயந்திரத்தின் தீப்பொறியை மேக்னெட்டோக்கள் தனியே உண்டாக்குவதால், மின்னேற்றம் நின்றாலும் இயந்திரம் நிற்பதில்லை. ஆனால் மின்கலம் தீர்ந்ததும் வானொலி, டிரான்ஸ்பாண்டர், விளக்குகள் ஆகியன அணைந்துவிடும். 1965க்குப் பிந்தியவற்றில் இறக்கை மடல்களும் இயங்கா. பகலில் இது தொல்லை. இரவிலோ மேகத்தினுள்ளோ ஆபத்து.

அமைப்பு

தொடக்கக்கால வானூர்திகளில் நேர்மின்னோட்ட ஜெனரேட்டர் இருந்தது. இது குறைந்த சுழற்சியில் போதிய மின்சாரம் தராது. 1960களின் நடுப்பகுதியில் ஆல்டர்னேட்டர் இடம்பிடித்தது. 12 வோல்ட் மின்கலத்துக்கு ஏறத்தாழ 14 வோல்ட்டும், 1978 முதல் வந்த 24 வோல்ட் மின்கலத்துக்கு ஏறத்தாழ 28 வோல்ட்டும் தேவை.

ஆல்டர்னேட்டர் இயங்கத் தொடங்க அதன் புலச்சுருளுக்கு மின்கலத்திலிருந்து மின்னோட்டம் செல்லவேண்டும். எனவே மின்கலம் முற்றிலும் தீர்ந்த வானூர்தியைக் கையால் சுழலியைச் சுற்றிக் கிளப்பினாலும் மின்னேற்றம் தொடங்காமல் போகலாம். ஜெனரேட்டரில் எஞ்சிய காந்தம் இருப்பதால் இச்சிக்கல் குறைவு. எனினும் சீராக்கியை மாற்றியபின் அதன் முனைவுத்தன்மையை மீண்டும் நிறுவ வேண்டும்.

பராமரிப்பு

பழுது என்றதும் ஆல்டர்னேட்டரையே மாற்றுவது பரவலான, செலவுமிக்க வழக்கம். பல வேளைகளில் குறை வேறிடத்தில் இருக்கும். அம்மீட்டர் முள் இடைவிடாது நடுங்கினால் முதலில் முதன்மை ஆளியின் ஆல்டர்னேட்டர் பகுதி, மின்சுற்று முறிப்பான், இணைப்பு முனைகள், புவி இணைப்பு ஆகியவற்றைச் சோதிக்கவேண்டும். பழைய ஆளியின் தேய்ந்த தொடுமுனைகளில் மின்தடை கூடும்போது சீராக்கிக்கு உண்மையைவிடக் குறைந்த மின்னழுத்தமே தெரிகிறது. அது தவறாகத் திருத்தம் செய்கிறது. ஒரு வோல்ட்மீட்டரால் ஒவ்வோர் இணைப்பின் இருபுறமும் அளந்தால் மின்னழுத்தம் வீழும் இடம் அகப்படும்.

கார்பன் தூரிகைகள் தேய்வன; குறித்த பறப்பு மணிகளுக்கு ஒருமுறை அவற்றின் நீளத்தைப் பார்க்கவேண்டும். 1968 முதல் வந்த லைகாமிங் இயந்திரங்களில் ஆல்டர்னேட்டரைப் பட்டை சுழற்றுகிறது. பட்டை தளர்ந்தால் வழுக்கும். அளவுமீறி இறுக்கினால் உருளைத்தாங்கி கெடும். புதுப்பட்டை இட முன்சுழலியைக் கழற்றவேண்டியிருப்பதால், வெடிப்பு கண்டும் தள்ளிப்போடுவோர் உண்டு.

மின்னழுத்தம் மிகுந்தால் மின்கல நீர் கொதித்து வற்றும். குறைந்தால் தகடுகளில் சல்பேட்டு படியும். அமில ஆவி மின்கலப் பெட்டியையும் சுற்றியுள்ள அலுமினியத்தையும் அரிக்கும். சமையற்சோடா கரைசலால் கழுவுவதே வழக்கம். அக்கரைசல் கலங்களுக்குள் புகக்கூடாது. அமெரிக்க விதிகளின்படி மின்கலத்தை மாற்றுவதும் பராமரிப்பதும் விமானி உரிமையாளரே செய்யக்கூடிய பணிகள். ஆல்டர்னேட்டரைப் பழுதுபார்க்க உரிமம் பெற்ற தொழில்நுட்பர் தேவை.