பாட்டிக்கு எந்த மூலை?

கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே திரும்பி, செம்மண் மேட்டில் ஏறினால் குயிலாப்பாளையம். வானூர் வட்டத்து ஊர். ஒரு பக்கம் ஆரோவில், மேட்டிலிருந்து இறங்கினால் கடல், வடக்கே போகப் போக மரக்காணத்து உப்பளங்கள். இந்தப் பகுதியில் கூரை வீட்டைப் பிரித்துவிட்டு மெத்தை வீடு கட்டும்போது பல குடும்பங்களில் ஒரு கேள்வி கடைசியில்தான் வரும். ஹால் எங்கே, சாமி மூலை எங்கே, வண்டி எங்கே நிற்கும், மாடியை வாடகைக்கு விட்டால் படி உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் முடிவான பிறகு யாராவது கேட்பார்கள்: "அம்மா எங்க படுக்கும்?" பதிலும் தயாராக இருக்கும். பின்பக்கம் ஒரு ஷீட் இறக்கிக் கொடுத்துவிடலாம்.

அந்த ஷீட்டுக்கு அடியில் படுத்திருப்பவர் அங்கே எப்படி வந்து சேர்ந்தார் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அதை அவருடைய மருமகளின் குணத்தில் தேடுவதுதான் நம் சீரியல்களின் வழக்கம். நாம் சட்டத்திலும் பட்டாவிலும் வீட்டு வரைபடத்திலும் தேடிப் பார்ப்போம்.

மண் சுவரும் கீற்றுக் கூரையும் இருந்த காலத்தில் வீடு என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் பொருளாக இல்லை. மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டும், மழைக்குப் பின் சுவர் பூச வேண்டும், வாராவாரம் தரை மெழுக வேண்டும். கூரைமேல் ஏறியது ஆண். மண் குழைத்தது, சுவர் பூசியது, திண்ணையின் விளிம்பு உடைந்தால் கையால் வழித்துச் சரிசெய்தது பெண். எந்தப் பக்கம் சாரல் அடிக்கும், எந்த மூலையில் ஈரம் ஏறும், வாசற்படி எவ்வளவு உயரம் இருந்தால் குடத்தோடு ஏற முடியும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுக்கு யாரும் கட்டடக்கலை என்று பெயர் வைக்கவில்லை.

வயதான பின் அவருக்குக் கிடைத்த இடம் திண்ணை. தெருவைப் பார்க்கலாம், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம், புளி ஆய்ந்துகொண்டே நாலு பேரோடு பேசலாம். இதை ஒரு பொற்காலமாக நினைத்துவிட வேண்டாம். யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. மழை இரவில் திண்ணையில் கிடந்தவரும் பெரும்பாலும் அந்தக் கிழவிதான். ஆனாலும் திண்ணை அவரை ஊரின் கண்ணில் வைத்திருந்தது. பின்பக்கத்து ஷீட் அதையும் எடுத்துக்கொண்டது.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் பல நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் இந்தச் செம்மண் மேட்டில் வீட்டைப் பற்றிச் சோதனைகள் செய்தார்கள். மண்ணை அழுத்திக் கல்லாக்கிச் சுவர் எழுப்பும் முறை இங்கிருந்து உலகறிந்த நுட்பமானது. அந்தச் சுற்றுவட்டாரத்து வேலைத்தளங்களில் மண் சுமந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்கள். கட்டட வேலையில் அவர்களுக்குப் பெயர் சித்தாள். ஆண் கொத்தனாராகலாம், மேஸ்திரியாகலாம். பெண் தலையில் சட்டி இருக்கும்வரை சித்தாள்தான். மண் வீட்டைக் கையால் அறிந்த பெண்கள் மண் வீட்டைப் பற்றிய புதிய அறிவின் அருகிலேயே, கூலிக்கு நின்றார்கள். அவர்களுடைய சொந்த வீடுகளோ அதே காலத்தில் சிமென்டுக்கு மாறின. அந்த மாற்றத்திலும் அவர்களை யாரும் கருத்துக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? வீடு அவர்களுடையது அல்ல என்பது முதல் காரணம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணைச் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆக்கியது. ஆனால் அதன் 23ஆம் பிரிவு வீட்டை மட்டும் தனியாக எடுத்து வைத்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்து, அந்த வீட்டில் குடும்பம் குடியிருந்தால், ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முன்வரும்வரை பெண் வாரிசு தன் பங்கைப் பிரித்துக் கேட்க முடியாது. மகளுக்கு அங்கே தங்கும் உரிமை உண்டு, அதுவும் அவள் கல்யாணம் ஆகாதவளாகவோ, கைவிடப்பட்டவளாகவோ, பிரிந்து வாழ்பவளாகவோ, கைம்பெண்ணாகவோ இருந்தால். பிறந்த வீட்டில் ஒரு மூலை வேண்டுமானால் வாழ்க்கை நொறுங்கியிருக்க வேண்டும் என்றது சட்டம்.

தமிழ்நாடு 1989இல் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தந்தது. ஆனால் அந்தத் திருத்தம் 1989 மார்ச் 25க்கு முன் மணமான பெண்களை விட்டுவிட்டது. 2005இல் மத்தியத் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது, 23ஆம் பிரிவையும் எடுத்துவிட்டது. இன்று எழுபதுகளில் இருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1989இல் சட்டம் வந்தபோது அவர் கல்யாணமாகி வெளியே நின்றார். 2005இல் கதவு திறந்தபோது அவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் முறைப்படி நடந்து முடிந்த பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தமும் தொடவில்லை. ஷீட்டுக்கு அடியில் இருப்பது இந்தத் தலைமுறைதான்.

அந்த டிசம்பர் 20க்கு ஆறு நாள் கழித்துச் சுனாமி வந்தது. கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391 பேர், ஆண்கள் 146 பேர் என்று 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் எழுதியது. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்கள், பிள்ளைகளை வாரிக்கொண்டு ஓடியவர்கள், நீந்தத் தெரியாதவர்கள் பெண்கள். தமிழக அரசு 2005 மார்ச் 30 அன்று வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை இந்தக் கரை முழுவதும் புதுக் குடியிருப்புகளுக்கு வழி வகுத்தது. வீடு 300 முதல் 325 சதுர அடி, மதிப்பு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். பட்டா கணவன் மனைவி இருவர் பெயரிலும். மீனவப் பெண்களின் பெயர் வீட்டுப் பத்திரத்தில் இவ்வளவு பெரிய அளவில் ஏறியது பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை.

ஆனால் "குடும்பம்" என்று அந்த அரசாணை மனதில் வைத்திருந்தது ஒரு தம்பதியையும் அவர்கள் பிள்ளைகளையும்தான். மகன் வீட்டை ஒட்டித் தனிக் குடிசையில் தனி அடுப்பு வைத்திருந்த கைம்பெண், கணக்கில் மகன் குடும்பத்துக்குள் கரைந்துபோனார். ஒப்பந்தக்காரர் கட்டிய வரிசை வீடுகளில் அவருக்கென்று ஓர் அறை இல்லை. நாகப்பட்டினக் கரையில் மறுகட்டுமானத்தை ஆராய்ந்த மானுடவியலாளர் ஜெனிஃபர் டியூன் பாரன்ஸ்டைன் இன்னொன்றையும் பதிவு செய்தார். நன்றாக இருந்த பழைய வீடுகள் இடிக்கப்பட்டன, நிழல் மரங்கள் வெட்டப்பட்டன. மரத்தடிதான் பெண்கள் பகலில் வேலை செய்த, பேசிய, ஓய்ந்து உட்கார்ந்த இடம். வரைபடத்தில் மரத்தடிக்கு அறை எண் கிடையாது. அதனால் அது போனது யார் கணக்கிலும் வரவில்லை.

வேறு மாதிரியும் நடந்தது. தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்புக்காகக் கட்டடக் கலைஞர் பென்னி குரியகோஸ் வீடுகளை வடிவமைத்தபோது, குடும்பங்களோடு பேசி, அவர்கள் மனைக்கும் பழக்கத்துக்கும் ஏற்ப வரைந்தார்கள். கடலூர் பக்கம் ஹெல்பேஜ் இந்தியா தாமரைக்குளம் என்ற இடத்தை உருவாக்கியது. சுனாமியில் ஆதரவிழந்த சுமார் 100 முதியோருக்கானது. அதற்கு வைத்த பெயரைக் கவனியுங்கள்: முதியோர் கிராமம். இல்லம் என்றால் கட்டிலும் மணியடித்தால் சாப்பாடும் நினைவுக்கு வரும். கிராமம் என்றால் பக்கத்து வீடு, சண்டை, கடன், கதை எல்லாம் உண்டு. அதே காலத்தில் அந்த அமைப்பு இந்தக் கரையில் முதியோர் சுய உதவிக் குழுக்களையும் அமைத்தது. வயதானவர்கள் வாங்கிக்கொள்பவர்கள் மட்டுமல்ல, கூடிப் பேசி முடிவெடுப்பவர்களும்தான் என்பதை அந்தக் குழுக்கள் காட்டின.

சட்டம் அந்தத் திசையில் போகவில்லை. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும் அளவில் இல்லம் அமைக்கலாம் என்கிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்தவர். இந்தியாவில் அந்த வயதுப் பெண்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கணவரை இழந்தவர்கள், ஆண்களில் ஏழில் ஒருவர்தான். ஆகவே முதியோர் வீடு என்பது பெரும்பாலும் தனித்த பெண்ணின் வீடு. அவரை ஊரை விட்டுப் பெயர்த்து, 150 கட்டிலில் ஒன்றாக ஆக்குவதுதான் பெரிய ஏற்பாடு என்றால், அவர் பின்பக்கத்து ஷீட்டையே தேர்ந்தெடுப்பதில் ஆச்சரியம் என்ன?

லண்டனில் சில பெண்கள் இதே கேள்வியை 1998இல் கேட்டுக்கொண்டார்கள். ஐம்பது கடந்தவர்கள், பலர் தனியாக வாழ்பவர்கள். இடம் தேடி, பணம் தேடி, உள்ளூராட்சியோடு வாதாடி, 2016 இறுதியில் ஹை பார்னெட்டில் 'நியூ கிரவுண்ட்' என்ற குடியிருப்பில் குடியேறினார்கள். 25 வீடுகள். அவற்றில் 8 குறைந்த வருமானப் பெண்களுக்கு வாடகைக்கு. வரைபடம் போடும் முன் கட்டடக் கலைஞர்கள் அவர்களோடு உட்கார்ந்தார்கள். பொதுக்கூடம், பொதுத் தோட்டம், துணி துவைக்க ஒரே அறை என்றெல்லாம் முடிவெடுத்தவர்கள் அந்தப் பெண்களே. பாரிஸ் அருகே மோந்த்ரேயில் தெரேஸ் கிளேர் என்ற பெண்ணியவாதி, நோயுற்ற தாயைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர், தன் பிள்ளைகளுக்கு அந்தச் சுமை வரக்கூடாது என்று நினைத்தார். வயதான பெண்கள் தாங்களே நடத்தும் வீடு என்ற அவருடைய கனவு 2012இல், 21 வீடுகளோடு திறந்தது. இரண்டுக்கும் பத்தாண்டுக்கு மேல் ஆனது. காத்திருக்கும்போதே சிலர் இறந்தும் போனார்கள். கேட்டுக் கட்டுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

நமக்கு லண்டன் பணம் இல்லை. 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை இன்று மாதம் 1,200 ரூபாய், தனி அறை வாடகைக்குக்கூடப் போதாது. ஆனால் நம் கையில் ஒன்று இருக்கிறது. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை, மீதி 60 சதுர அடி தீப்பிடிக்காத வேறு கூரையில், பயனாளியின் விருப்பப்படி. அந்தப் பயனாளி யார், விருப்பம் யாருடையது என்று வீட்டுக்குள் கேட்க வேண்டிய இடம் இதுதான். 60 சதுர அடியில் ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் தெருவைப் பார்த்த ஒரு திண்ணையும் அடங்கும். பின்பக்கமா முன்பக்கமா என்பதற்குச் செலவு ஒன்றுதான்.

கேட்பதற்கும் நம்மிடம் முறை உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே வயதான பெண்கள் பேச மாட்டார்கள், பேசினாலும் மைக் அவர்களுக்கு வராது. அதற்கு முந்தின நாள் அவர்களை மட்டும் தனியாக உட்கார வைக்கலாம். காகித வரைபடம் வேண்டாம். மனையிலேயே கோலமாவால் சுவர்களை உண்மையான அளவில் போட்டுவிட்டு அவர்களை நடக்கச் சொல்லலாம். உப்பளத்துக் கூச்சத்தில் கண் மங்கியவர், படி இங்கே தெரியவில்லை என்பார். முட்டி தேய்ந்தவர், கக்கூஸ் இவ்வளவு தூரமா என்பார். ஒருத்தி, என் கட்டிலை அவள் வீட்டுச் சுவரோரம் போடு, ராத்திரி தட்டினால் கேட்கும் என்பாள். மாவுக் கோட்டை அழித்து மறுபடி போட ஒரு நிமிஷம்தான் ஆகும்.

ஆயுள் முழுக்கச் சட்டி சுமந்தவர்கள் அவர்கள். கடைக்கால் தோண்டும் முன் ஒருமுறையாவது, கோட்டை எங்கே போடுவது என்று அவர்களைக் கேட்போம்.