இரண்டாவது மிட்டாய்

படிவம் ஐந்து படிக்கும்போது எங்கள் பள்ளியில் ஒரு தன்முனைப்பு முகாம் நடந்தது. பேச்சாளர் ஒரு வீடியோ போட்டார். குழந்தையின் முன்னால் ஒரு மார்ஷ்மெலோ. கொஞ்ச நேரம் தின்னாமல் இருந்தால் இன்னொன்று கிடைக்கும். ஒரு பையன் அதை எடுத்து மோந்து பார்க்கிறான். எல்லாரும் சிரித்தோம். "காத்திருக்கத் தெரிஞ்சவன்தான் ஜெயிப்பான். இதுதான் உணர்வுசார் நுண்ணறிவு" என்று முடித்தார்.

எஸ்.பி.எம். முடிந்ததும் என் பக்கத்து மேசை நண்பன் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். மிட்டாயை உடனே தின்றவன் என்றுதான் அவனை நினைத்திருந்தேன், இந்தச் சோதனையின் வரலாற்றைப் படிக்கும்வரை.

அதன் வேர் டிரினிடாட் தீவில் இருக்கிறது. 1845 முதல் 1917 வரை கரும்புத் தோட்டங்களுக்காக இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இடம். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து, கொஞ்சப் பேர் சென்னையிலிருந்து. 1950களில் அங்கே போன உளவியலாளர் வால்டர் மிஷல், இரண்டு சமூகங்கள் ஒன்றையொன்று குறை சொல்வதைக் கேட்டார். கறுப்பின மக்களுக்கு நாளையைப் பற்றிய கவலையே இல்லை என்றார்கள் இந்தியர்கள். இந்தியர்களுக்குக் காசைப் பதுக்கத்தான் தெரியும், வாழத் தெரியாது என்றார்கள் அவர்கள். மிஷல் பிள்ளைகளிடம் கேட்டார்: இப்போதே சின்ன மிட்டாயா, அடுத்த வாரம் பெரிய மிட்டாயா? 1958இல் வெளியான முடிவில் இன வேறுபாடு தெரிந்தது. அதற்குள் இன்னொன்றும் இருந்தது. அப்பா உடன் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் உடனே கிடைப்பதையே அதிகம் எடுத்திருந்தார்கள். வாக்குக் கொடுத்த பெரியவர் திரும்பி வருவார் என்று நம்பினால்தானே காத்திருக்க முடியும்?

பிறகு மிஷல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் செய்த சோதனைதான் புகழ்பெற்றது. அதிக நேரம் காத்திருந்த சில பிள்ளைகள் பின்னாளில் நல்ல மதிப்பெண் எடுத்ததாக 1990இல் எழுதினார்கள். 'உணர்வுசார் நுண்ணறிவு' என்ற கருத்தைச் சலோவியும் மேயரும் கட்டுரையாக முன்வைத்ததும் அதே ஆண்டுதான். 1995இல் டேனியல் கோல்மன் இரண்டையும் ஒரே புத்தகத்தில் சேர்த்தார். புத்தகம் உலகம் சுற்றியது. டிரினிடாட் பிள்ளைகள் கதையிலிருந்து விடுபட்டுப்போனார்கள்.

2013இல் செலஸ்ட் கிட் குழுவினர் 28 பிள்ளைகளிடம் அந்த விட்டுப்போன கேள்வியைக் கேட்டார்கள். முதலில் நல்ல வண்ணக்கோல்கள் தருவதாகச் சொல்லி, பாதிப் பேருக்குத் தந்தார்கள்; பாதிப் பேரை ஏமாற்றினார்கள். பிறகுதான் மார்ஷ்மெலோ. வாக்குக் காப்பாற்றப்பட்டவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். 2018இல் 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில், குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் காத்திருப்புக்கும் பிற்கால மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பெருமளவு சுருங்கிவிட்டது.

ஆசையை அடக்கும் உத்திகளைக் கற்றுக்கொடுக்கலாம்தான். கவனத்தைத் திருப்பச் சொன்னால் பிள்ளைகள் கூடுதல் நேரம் தாங்குகிறார்கள் என்று மிஷலே காட்டியிருக்கிறார். ஆனால் அந்த உத்திகள் வேர்பிடிக்க, சொன்ன சொல்லைக் காப்பாற்றும் பெரியவர்கள் சுற்றி இருக்க வேண்டும்.

என் நண்பனின் அப்பா தோட்டத்தில் வேலை செய்தவர். தோட்டம் கைமாறியபோது வீடு தருவதாகச் சொன்னார்கள். அவர் காத்திருந்தார். வீடு வரவில்லை. காத்திருப்பதைப் பற்றி அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு நாங்கள் என்ன பாடம் சொல்லிக்கொடுத்துவிட முடியும்?